மூக்கம்மா போட்ட மார்க்

மருமகள்: இந்த சிலிண்டர்ல இருக்கிற சாக்பீஸ் மார்க் யாரோடது அத்தை?

அத்தை: கண்ணு தெரியலையா? இவ்வளவு கோணலா டிக் போட இந்த கேஸ் கம்பெனில என்னை விட்டா யார் இருக்கா?

மருமகள்: மோந்து பாத்துட்டுத்தான் போட்டீங்களா?

அத்தை: பின்ன, முத்தம் கொடுத்துட்டா போட்டேன்?

மருமகள்: இன்னொரு தடவை பாருங்க.

அத்தை: லாரி நிக்குதுடி. டிரைவர் கத்துவான்.

மருமகள்: கத்தட்டும். குனிஞ்சு பாருங்க.

அத்தை: ...ஒண்ணும் இல்ல.

மருமகள்: நிஜமா?

அத்தை: இந்தக் கம்பெனிக்குக் கூரை போடறதுக்கு முன்னாடிலேர்ந்து கேஸ் மோந்தவ நான். மூக்கம்மான்னு சும்மாவா கூப்பிடறாங்க?

மருமகள்: அப்ப நான் சோப்புத் தண்ணி தொட்டு வெக்கிறேன்.

அத்தை: அதெல்லாம் மூக்கு இல்லாதவங்களுக்கு.

மருமகள்: வெச்சாச்சு. வால்வைப் பாருங்க.

அத்தை: நகரு, பாக்கறேன்.

மருமகள்: என்ன தெரியுது?

அத்தை: ...முட்டை முட்டையா வருது.

மருமகள்: கசியுது அத்தை. லாரில ஏத்தப் போனாங்க. நான்தான் இறக்கி உருட்டிட்டு வந்தேன்.

அத்தை: முதல்ல மூடியை இறுக்கு! அந்த டிரைவர் பீடி வேற பிடிப்பான்...

மருமகள்: அவனை கேட்டுக்கு வெளிய துரத்தியாச்சு. இதோ, மூடியும் போட்டாச்சு. இப்ப சொல்லுங்க. எப்பலேர்ந்து?

அத்தை: எது?

மருமகள்: மூக்கு.

அத்தை: சளிடி. கொஞ்சம் அடைச்சிருக்கு.

மருமகள்: மாமா ஷூவைக் கழட்டினா வீடே வாசலுக்கு ஓடுது. நீங்க மட்டும் பக்கத்துல உக்காந்து காய் நறுக்குறீங்க. பாசம்னு நெனச்சேன்...

அத்தை: இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினதுக்கப்புறம் அவ்வளவு பாசம் எங்கேர்ந்து வரும்? மூக்கு செத்துப் போச்சு.

மருமகள்: அத்தை!

அத்தை: கத்தாதே. போன வருஷம் காய்ச்சல்ல படுத்தேனே, எழுந்தா வாசனையே இல்ல. வயசான உடம்பு, வந்தாலும் வரும், வராமலும் போகும்னுட்டார் டாக்டர்.

மருமகள்: அன்னைக்கே வேலையை விட்டு நின்னிருக்கலாமே.

அத்தை: நின்னுட்டு? உன் மாமாவோட முட்டி வலி என்ன சொல்லுதுன்னு காலைலேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கணுமா? அதுக்கு இங்கயே வெடிச்சுச் சாகலாம்.

மருமகள்: வெடிச்சா நீங்க மட்டுமா சாவீங்க? சூப்பர்வைசர் வர்றார். நீங்களே சொல்லிடுங்க.

அத்தை: சொன்னா இன்னைக்கே அனுப்பிடுவாருடி...

சூப்பர்வைசர்: என்ன, மாமியாரும் மருமகளும் மாநாடா? லாரியை யார் நிறுத்தினது?

மருமகள்: நான்தான் சார். ஒரு சிலிண்டர் கசியுது.

சூப்பர்வைசர்: கசியுதா! யாரு பாஸ் பண்ணது?

மருமகள்: அது... நான்தான் சார்.

அத்தை: ஏய்!

சூப்பர்வைசர்: நீயா? இது ஏதாவது வீட்டுக்குப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? இனிமே செக்கிங் பக்கம் வராதே. உள்ள போ. கேஸ் நிரப்புற இடத்துல நில்லு.

மருமகள்: உள்ளயா சார்...?

அத்தை: ஏன்டி, மூஞ்சி இப்படி வெளுத்துப் போகுது?

மருமகள்: ஒண்ணுமில்ல. போறேன் சார்.

அத்தை: நில்லு. சார், அந்த டிக் என்னோடது. இவ பொய் சொல்றா.

சூப்பர்வைசர்: மூக்கம்மா, மருமகளைக் காப்பாத்தறீங்களா?

அத்தை: அந்தப் பேரைச் சொல்லாதீங்க. எனக்கு வாசனை போய் ஒரு வருஷம் ஆச்சு.

சூப்பர்வைசர்: என்னது! அப்ப இவ்வளவு நாளா எப்படிம்மா பாத்தீங்க?

அத்தை: இவ மூஞ்சியைப் பாத்து.

மருமகள்: என் மூஞ்சியையா?

அத்தை: எப்பவும் பக்கத்துலதானே நிப்ப. நீ சுளிச்சா தள்ளி வெப்பேன். சுளிக்கலைன்னா டிக். ஒண்ணு கூடத் தப்பினதில்ல.

சூப்பர்வைசர்: கடவுளே... அப்ப இதுக்கு இவ சுளிக்கலையா?

அத்தை: சுளிச்சா. ஆனா இப்பல்லாம் எதுக்கெடுத்தாலும் சுளிக்கிறா சார். நான் பக்கத்துல போனாலே சுளிக்கிறா. மாமியார் மேல ஏதோ கோவம்னு நெனச்சேன். வீட்டுச் சண்டையை சிலிண்டர் மேல காட்டக் கூடாதுன்னு... டிக் போட்டுட்டேன்.

மருமகள்: கோவமா! உங்க மேலயா?

அத்தை: பின்ன எதுக்குடி அப்படி மூஞ்சியை வெச்சுக்கிட்ட?

மருமகள்: டீ மணந்தாலும் குமட்டுது. உங்க பையன் சட்டை மணந்தாலும் குமட்டுது. நீங்க தேய்க்கிற தைலம்... ஐயோ, அதைக் கேக்காதீங்க. நாள் தள்ளிப் போயிருக்கு அத்தை. சொன்னா வேலைக்கு விடமாட்டீங்கன்னுதான்... அவர்கிட்டகூடச் சொல்லல.

சூப்பர்வைசர்: எம்மா... இந்த நிலைமைலயா அதை உருட்டிட்டு வந்த?

மருமகள்: அத்தை... ஏதாவது சொல்லுங்க. ரெண்டு திட்டாவது திட்டுங்க. சாக்பீஸை சார் கைல ஏன் கொடுக்கறீங்க? எங்க போறீங்க? அத்தை... நில்லுங்க! அது என் பை அத்தை... நான் வீட்டுக்கு வரல... உங்களோடதை மட்டும் எடுத்துட்டுப் போங்க... அத்தை!