ஆணி அடிக்காத பெட்டியிலிருந்து வந்த இரும்பு

என் பெயர் வெர்னர் டால்க்விஸ்ட், வயது 71, பள்ளியில் தச்சுவேலை கற்பித்து ஓய்வு பெற்றவன். மினசோட்டா மாநிலம், ஆஸ்பன் லேக், மில் தெரு 14ஆம் எண் வீட்டில் வசிக்கிறேன். என் மனைவி இர்மா இம்மாதம் 3ஆம் தேதி நோயால் இறந்தாள்.

தகனத்துக்கான பெட்டி கெட்டியாகவும், கசியாமலும், முழுதும் எரியக்கூடியதாகவும் இருக்க வேண்டும், உலோகம் கூடாது என்று தகன நிலையத்தார் கொடுத்த விதித்தாளில் இருந்தது. அதன்படி பைன் பலகையில் நானே செய்தேன். ஆணிக்குப் பதில் மரமுளை, பிடிக்குப் பருத்திக் கயிறு. 8ஆம் தேதி இர்மாவை அதில் வைத்து, என் கையால் மூடி, அந்த நிலையத்தை நடத்துபவரும் என் பழைய மாணவருமான கிளேட்டன் ரிக்ஸிடம் ஒப்படைத்தேன். அறுவை செய்து அவள் இடுப்பில் பொருத்தியிருந்த செயற்கை உலோக மூட்டைத் திருப்பித் தரும்படி எழுதியும் கொடுத்தேன்.

அதன் பின் இன்று, 14ஆம் தேதி வியாழக்கிழமை காலை, கிளேட்டன் சாம்பலையும் ஓர் உறையையும் தந்தார். உறையில் பதினொரு ஸ்டேப்பிள் பின்கள் இருந்தன. மூட்டு இல்லை. மாவில் போடாத உப்பு ரொட்டியில் வராது. போட்ட உப்பு காணாமலும் போகாது.

"ஏம்ப்பா, என் பெட்டியில இரும்பே கிடையாதே?" என்று கேட்டேன்.

"நீங்க இன்னும் மார்க் போடறத விடலையா சார்? உங்க பெட்டி அடியில கசிஞ்சுது. எங்க அட்டைப்பெட்டிக்கு மாத்தினோம். பின்னு அதுல உள்ளது."

"மாத்தணும்னா என் கையெழுத்து வேணுமே. சரி, மூட்டு எங்க?"

"உருகியிருக்கும் சார்."

மெல்லிய பின் உருகவில்லை. எலுமிச்சை அளவு மூட்டு உருகிவிட்டதாம்.

அதன் பின் மேசைமேல் விரித்திருந்த பதிவேட்டைப் பார்த்தேன். 8ஆம் தேதியில் இர்மாவின் பெயருக்கு எதிரே 'மரப்பெட்டி' என்றே இருந்தது, திருத்தம் இல்லை. அடுத்த வரியில் வேறொரு பெண், 'அட்டைப்பெட்டி'. அவர் யார் என்று கேட்டதும் கிளேட்டன் ஏட்டை மூடிவிட்டார். "பாவம் சார், அவங்க வீட்டுக்காரங்க சனிக்கிழமை சாம்பல ஏரியில கரைக்கப் போறாங்க. அவங்களையும் போட்டுக் குழப்பாதீங்க" என்றார்.

அதன் பின் வீட்டுக்குப் போகாமல் நேரே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

கிளேட்டன் வேண்டுமென்றே செய்தார் என்று நான் சொல்லவில்லை. சாம்பலையும் உறையையும் உங்களிடம் கொடுத்திருக்கிறேன். அது யாருடையதாக இருந்தாலும் பத்திரமாக வைத்திருங்கள். நாளைக்குள் அந்தக் குடும்பத்தைக் கண்டுபிடித்து, எதையும் கரைக்க வேண்டாம் என்று சொல்லக் கோருகிறேன். இர்மாவுக்கு நீந்தத் தெரியாது. படகில்கூட ஏற மாட்டாள்.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். நான் கண்டதும் கேட்டதும் தவிர இதில் வேறொன்றும் சேர்க்கவில்லை, எதையும் விடவுமில்லை.

(ஒப்பம்) வெர்னர் டால்க்விஸ்ட்