பெரியம்மாவுக்கு ஒரு பானை சாம்பார்

மலேசியாவில் சிரம்பானிலிருந்து கோலா சாவா போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். முன்பு ஒரே எஸ்டேட்டில் குடியிருந்தவர்கள் சனிக்கிழமை ஒன்றுகூடுகிறார்களாம். வீட்டுக்கு வீடு சமைத்துக் கொண்டுவர வேண்டும்.

"ஒரு பெரிய பானை நிறைய சாம்பார் வைக்கப் போறேன்க்கா," என்றாள் இளையவள்.

"ஒனக்கென்ன பைத்தியமா லா? கோழி, ஆடுன்னு வந்து குவியும். சாம்பார யாரு தொடுவா?"

"பாப்பாத்தி பெரியம்மா சனிக்கிழமை சைவம்ல. போன வருஷம் ஆளாளுக்கு, காய்கறிய வேற யாராவது கொண்டாருவாங்கன்னு விட்டுட்டோம். பாவம், வெறுஞ்சோத்துல ஊறுகாய வச்சி சாப்ட்டாங்க."

"வயிறு நெறஞ்சிருச்சின்னு சொன்னாங்களே?"

"நம்ம மனசு நோகக்கூடாதுன்னு சொன்னாங்க. இந்தத் தடவ அவங்களுக்குத் தனிக் கரண்டியே எடுத்தாறேன்."

மூத்தவள் ஜன்னலுக்கு வெளியே ஓடிய செம்பனை எண்ணெய் மரங்களிலிருந்து திரும்பினாள்.

"பெரியம்மா நேத்து போன் பண்ணாங்க. வீட்லயே சாப்ட்டுட்டு வந்துர்றேன், எனக்காக யாரும் செரமப்பட வேணாம்னாங்க."

இளையவள் மடியிலிருந்த பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முருங்கைக்காய்களை உள்ளே தள்ளிப் பார்த்தாள். அவை உள்ளே போகவில்லை.

"அப்ப, நாம சாப்புடுறத சும்மா பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்களாக்கா?"