அடுத்தவர் வரலாம்

...இல்ல சார், நீங்களே சொல்லுங்க, பேய் வந்தா மனுஷன் பயப்படணுமா வேணாமா? அதானே. இங்க ஒருத்தரும் பயப்படல சார். ரெண்டு வருஷம் முதுகு ஒடிய உக்காந்து செஞ்ச கேம். செல்போன்ல ஆடற பேய் கேம். இருட்டு ஆஸ்பத்திரி, ஆளில்லாத வராந்தா, கடைசிக் கதவு மட்டும் லேசாத் தொறக்குது... உங்களுக்கு வேர்க்குதா? இல்லையா? ஏசி ஜாஸ்தி போல. சரி விடுங்க.

நம்ம நாடு இத்துனூண்டு. இங்க தும்மினா எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் மூக்கைத் தொடைக்கணும். பேய் கேம் ஆடறவங்க மொத்தமே நாலாயிரம் பேர். அதுல மூவாயிரத்துச் சொச்சம் பேர் என் கேமை இறக்கிட்டாங்க. அப்புறமென்ன கவலைங்கறீங்க. நானும் துள்ளத்தான் துள்ளினேன். அப்புறம் வந்துச்சு பாருங்க விமர்சனம்... ஒருத்தர் எழுதறார், "பேய் பேசினதும் மனசு லேசாயிடுச்சு". இன்னொரு அம்மா, "பேரனுக்கும் போட்டுக் காமிச்சேன், அழுகையை நிறுத்திட்டான்". ஒருத்தர் பேய் கூப்பிட்டதும் ஃபைலைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சு நின்னாராம். பேய்க்கு முன்னாடி சார். ஃபைலோட.

ஏன்னு கேளுங்க. கேக்க மாட்டீங்களா? பரவால்ல, சொல்றேன். பேய்க்குக் குரல் வேணும்ல? வெளியாளைத் தேடி அலைவானேன்னு என் வீட்டுக்காரியையே பேச வெச்சேன். அவ யாரு தெரியுமா? பேங்க், ஆஸ்பத்திரி, தபால் ஆபீஸ், எங்க டோக்கன் எடுத்தாலும் நம்பரைக் கூப்பிடற மிஷின்ல ஒரு குரல் வரும்ல, அது அவதான். பெரிய நாடுன்னா ஊருக்கு ஒரு குரல் வெப்பான். நமக்கு மொத்தமே ஒண்ணு. கேம்ல பேய் முடியை விரிச்சுப் போட்டுக்கிட்டு வந்து, "அடுத்தவர் வரலாம்"ங்குது. குலை நடுங்கட்டும்னுதான் எழுதினேன். இவங்க என்னடான்னா, அப்பாடா, நம்ம முறை வந்துடுச்சுன்னு நிம்மதியாப் போய்ச் சாவறாங்க சார்.

அவ அப்பவே சொன்னா. "என் குரல் வேணாங்க, கேட்டா எல்லாரும் சந்தோஷப்படுவாங்க"ன்னா. பெருமையடிச்சுக்கறாளேன்னு நெனச்சேன். கேட்டிருக்கலாம்... எங்க? கல்யாணமாகி பதினாறு வருஷம், அவ பேச்சு என் காதுல நுழையறதே இல்ல.

இப்ப இந்த ஆபீஸ்காரங்க என் கேமைத் திகில் பட்டியல்ல இருந்து தூக்கி, தூக்கமும் நிம்மதியும்ங்கற பட்டியல்ல போட்டுட்டாங்க. அங்க முதலிடம் வேற. பேய் கேம் செய்யறவங்க சங்கத்துல என்னையும் சேத்து ஏழு பேர். மத்த ஆறு பேரும் என்னைப் பாத்தா கொட்டாவி விடறாங்க சார். அழுகையா வருது. மாத்திக் குடுங்கன்னு மனு குடுக்க இன்னிக்குத்தான் கடைசி நாள். நாலு மணிக்கு ஷட்டரை இறக்கிடுவாங்க. விட்டா ஆயுசுக்கும் நான் தாலாட்டுக்காரன்தான்.

என்ன சார், எந்திரிச்சிட்டீங்க? கூப்பிட்டாங்களா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே. உங்க டோக்கன் நம்பர் என்ன? அறுபத்தி மூணா? என்னோடது அம்பத்தெட்டு சார். அதை எப்பக் கூப்பிட்டாங்க? மூணு தடவையா? ஏன் சார் நீங்க சொல்லல... என்ன, நடுவுல பேச எடமே குடுக்கலையா?

ஏம்மா, நீங்க பாத்தீங்களா, போறாரே, அவர் முகத்தை? என்னா ஒரு நிம்மதி... அந்தக் குரலைக் கேட்டா எல்லாருக்கும் இப்படித்தான் ஆவுது. மணி என்னம்மா ஆச்சு? நாலா? என்ன சத்தம் அது... ஷட்டரா? பாருங்க, இது மட்டும் நல்லாக் கேக்குது.