சொந்தக் குரலில் கேட்க வேண்டும்

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் அமெரிக்கச் சிற்றூர் லா கிராஸில் பொரித்த மீன்தான். அதைச் சாப்பிட்டுவிட்டு மதுவிடுதியின் பின்னறையில் பத்துப் பேர் உட்கார்ந்து பேஸ்பால் பேசுவோம். பேச்சு முற்றிப்போய் ஆளுக்கொரு கற்பனை அணி வைத்துக்கொண்டோம். நிஜ ஆட்டக்காரர்களை எங்களுக்குள் ஏலத்தில் எடுப்போம். அவர்கள் நிஜ மைதானத்தில் எப்படி ஆடுகிறார்களோ அதற்கேற்ப எங்களுக்குப் புள்ளி. விளையாட்டுதான், ஆனால் விளையாட்டிலும் நியாயம் வேண்டுமல்லவா. அதனால் விதிகளை வகுத்து ஏலத்தை நடத்தும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். நான் பள்ளிக்கூட ஆட்டங்களுக்கு நடுவராக நின்றவன். ஆரின் ஹாகன் ஒரு பக்கம் சாயமாட்டான் என்று ஊரில் பெயர்.

நல்ல விதிகள்தான் போட்டேன், இன்றைக்கும் சொல்வேன். ஏலத்துக்கு எல்லோர் கையிலும் ஒரே தொகை. பல் மருத்துவருக்கும் அதுதான், பால் வண்டி ஓட்டுகிறவருக்கும் அதுதான். எடுத்த ஆட்டக்காரனை மூன்று சீசன் அதே விலைக்கு வைத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் முடிந்ததும் அவனை மறுபடி ஏலத்துக்கு விட வேண்டும். நல்ல ஆளை ஒருவரே காலம் முழுக்க அமுக்கி வைத்துக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

ரோலி டுவோராக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாடுகளை ஏலம் விடுவது அவன் தொழில். சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணை நொடித்துப்போனாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். மைக் இல்லாமலே கொட்டகையின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் தொண்டை. என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவன். என் மனைவி இறந்தபோது என்னைத் தனியே விடாமல் என் வீட்டு சோபாவிலேயே படுத்துக் கிடந்தவன். அவனைவிட நெருக்கமான மனிதர் எனக்கு இருந்ததில்லை.

ஏலத்தின்போது அவன் கிண்டலுக்கு ஆளாகிறவன் நான்தான். "ஏண்டா ஆரின், ஆட்டக்காரனை விக்கிறியா, சாவுச் சேதி வாசிக்கிறியா?" என்பான். அறை முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். சீசன் முடிவில் அதிகப் புள்ளி எடுத்தவருக்கான கோப்பை பெரும்பாலும் அவன் வீட்டுக்குத்தான் போகும். என் வீட்டுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை, அதைப் பற்றி எனக்கு வருத்தமும் இல்லை.

ஒலிவேரா என்ற இடக்கைப் பந்துவீச்சாளனை, யாருக்கும் அவனைத் தெரியாத நாளிலேயே, ரோலி ஒரு டாலருக்கு எடுத்துவைத்தான். ரோலியின் விவாகரத்துக்குப் பிறகு மகள் ஜோலீன் அவனோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள். அவளை எப்படியோ சரிக்கட்டி, ஏதோ ஒரு சின்ன ஊர் மைதானத்துக்குக் கூட்டிப்போய், அந்தப் பையன் வீசுவதைக் காட்டியிருக்கிறான். அன்றிலிருந்து ஒலிவேரா வீசும் நாளெல்லாம் அவள் அப்பாவுக்கு போன் செய்வாள். மூன்றாவது சீசனில் அந்தப் பையனின் பந்தை நாட்டில் யாராலும் தொட முடியவில்லை. ஒப்பந்தமும் அதோடு முடிந்தது. ரோலி கையிலிருப்பதையெல்லாம் கொட்டியாவது அவனைத் திரும்ப எடுப்பான் என்று எல்லோருக்கும் தெரியும். அப்பாவையும் மகளையும் சேர்த்துவைத்த ஆட்டக்காரன் என்பதால் யாரும் குறுக்கே நிற்கப் போவதில்லை என்பதும் தெரியும்.

ஜனவரித் தொடக்கத்தில், உறைந்த ஆற்றில் துளை போட்டு மீனுக்காக நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். அப்போதுதான் சொன்னான்.

"தொண்டையில புத்துடா. குரல்வளையையே எடுத்துடப் போறாங்க. பயலுங்ககிட்ட நானே அப்புறமாச் சொல்லிக்கிறேன், நீ இப்ப வாயைத் திறக்காத. ஏலத்தன்னிக்கு நான் கையத் தூக்குவேன். நீ பார்த்துக்க."

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எனக்குக் கண் கலங்கியது. அது பொய்க் கண்ணீர் இல்லை.

அடுத்த வாரம் விதிக் கூட்டம். முந்தின ஏலத்தில் ஒரு தகராறு நடந்திருந்தது. பல் மருத்துவர் கையைத் தூக்கியது ஆட்டக்காரனைக் கேட்கவா, பீர் கேட்கவா என்று வெகுநேரம் சண்டை. அதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டியிருந்தது. நான் எழுந்து புதிய விதியைச் சொன்னேன். இனிமேல் கையசைவு, தலையசைவு செல்லாது. அணிக்காரர் தன் சொந்தக் குரலில் கேட்க வேண்டும். அவருக்காக வேறொருவர் கேட்கக் கூடாது. நீங்களே சொல்லுங்கள், இதில் என்ன ஓரவஞ்சனை இருக்கிறது. சம்மதம் என்பவர்கள் சொல்லலாம் என்றேன். ரோலியைத் தவிர எல்லோரும் சொன்னார்கள். ரோலி என்னைப் பார்த்தான். பிறகு அவனும் "சரி" என்றான். எதிர்த்தால் காரணம் சொல்ல வேண்டிவரும், அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவனுக்குக் கூசும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அவனுக்குக் குரல் இருந்தது, எதிர்த்திருக்கலாம்.

மார்ச் கடைசியில் ஏலம். அதற்குள் செய்தி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ரோலி கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, பாதியாக இளைத்து, ஜோலீனோடு வந்தான். ஒவ்வொருவராக எழுந்து கட்டிக்கொண்டார்கள். ரோலிக்கு மட்டும் கை போதும் என்று பால் வண்டிக்காரர் சொன்னார். விதியை ஆதரித்தவர்களில் ரோலியும் ஒருவன் என்று நினைவுபடுத்தினேன். விடுங்கள் என்பதுபோல ரோலியே கையசைத்தான்.

ஒலிவேராவின் பெயரைச் சொன்னேன். முதலில் நானே பன்னிரண்டு டாலருக்குக் கேட்டேன், அணிக்காரன் என்ற முறையில் எனக்கும் உரிமை உண்டு. மற்றவர்கள் ரோலிக்காக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். ரோலி சட்டைப் பையிலிருந்து டார்ச் லைட் அளவில், குரல்வளை இல்லாதவர்களைப் பேசவைக்கும் ஒரு கருவியை எடுத்துக் கழுத்தில் அழுத்தினான். வீட்டில் ஜோலீன் எதிரே உட்கார்ந்து, மற்றச் சொற்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, எண்களை மட்டும் சொல்லிப் பழகினானாம். ரீங்காரமாகத்தான் வந்தது, ஆனால் தெளிவாக இருந்தது.

"நாப்பது."

பல் மருத்துவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சொன்னேன்: "அது மெஷினோட குரல், ரோலி. விதியில சொந்தக் குரல்னு இருக்கு."

ஜோலீன் எழுந்தாள். "அப்ப நான் சொல்றேன். நாப்பது."

"நீ அணிக்காரி இல்லம்மா."

அறையே என் மேல் பாய்ந்தது. மனுஷனா நீ என்று கேட்டார்கள். என்னோடு மல்லுக்கட்டிய அவசரத்தில், ரோலிக்காகத் தாங்களே ஒலிவேராவைக் கேட்டு எடுத்துவைக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. ரோலி கருவியைக் கீழே வைத்தான். மாட்டுக் கொட்டகையில் நிற்பதுபோல நிமிர்ந்து, நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, பழையபடி கத்தப் பார்த்தான். கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. மறுபடியும் முயன்றான். நான் அவனுக்குப் போதிய நேரம் கொடுத்தேன். பிறகு மூன்று எண்ணி, ஒலிவேராவை எனக்கு முடித்துக்கொண்டேன்.

ரோலி சிகிச்சைக்குப் போவதை நிறுத்திவிட்டான். அந்தக் கருவியையும் தொடவில்லை என்றாள் ஜோலீன். ஆகஸ்டில் அடக்கம். கல்லறையருகே அவள் என்னிடம் வந்தாள்.

"அந்த விதியைப் போட்டப்பவே அப்பாவோட நோய் உங்களுக்குத் தெரியுமா, ஆரின் அங்கிள்?"

தெரியாது என்றேன். இந்த விஷயத்தில் நான் வாய்விட்டுச் சொன்ன பொய் அது ஒன்றுதான். தெரியும். தெரிந்ததால்தான் போட்டேன். அவன் சத்தம் இல்லாத ஒரு அறையில், ஒரே ஒரு தடவை, நான் ஏலம் நடத்திப் பார்க்க ஆசைப்பட்டேன். அவன் சாக வேண்டும் என்று நினைத்ததே இல்லை. அவன் இல்லாமல் எனக்கு இப்போது பேச்சுத் துணைக்கு ஆளில்லை. வண்டி ஓட்டும்போது அழுகை வருகிறது, ஓரமாக நிறுத்திக்கொள்கிறேன்.

அந்த சீசன் கோப்பை எனக்குத்தான் வந்தது. யாரும் கையில் தரவில்லை, வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

இந்த ஜனவரியிலும் முறைப்படி எல்லோருக்கும் சொல்லியனுப்பிக் கூட்டத்தைக் கூட்டினேன். ஒருவரும் வரவில்லை. பின்னறையில் எழுந்து நின்று, இனிமேல் கையசைவும் செல்லும் என்று விதியைத் திருத்த முன்மொழிந்தேன். எதிர்ப்பவர்கள் சொல்லலாம் என்று கேட்டுவிட்டு, போதிய நேரம் காத்திருந்தேன். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. இனி ரோலி கையைத் தூக்கினால் போதும்.