முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் நாய்

டீ ஆறினால் எனக்குப் பிடிக்காது. குடித்துக்கொண்டே சொல்கிறேன். எதையும் மறைக்கிற எண்ணமில்லை, அவசரப்படுத்தாமல் கேளுங்கள்.

வீடியோ கேம் தயாரிக்கிற அந்தக் கம்பெனியில் நாங்கள் இருவரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். ஒரே அறையில் குடியிருந்தோம். என்னைவிட இளையவள் என்பதால் ஆபீஸில் அவளுக்குச் சின்னவள் என்றே பேர். அவள் படம் வரைவாள். விளையாடுகிறவர்கள் நடந்துபோகிற வழிகளை நான் அமைப்பேன். குகை, சுரங்கம், எங்கே திரும்பினால் எங்கே முட்டுவார்கள் என்பதெல்லாம் என் வேலை. அவள் அப்பா பேராசிரியர், அம்மா டாக்டர். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் மேலாளருக்குக் கொட்டாவி என்று பட்டப்பெயர். என் குகைகளைக் காட்டியபோதும் விட்டார், வாயைக்கூடப் பொத்தவில்லை. அடுத்து சின்னவள் ஒரு நாயைக் காட்டினாள். ஒரு காது மடங்கிய, புழுதி நிற நாய். விளையாடுகிறவன் கூடவே ஓடும். அவன் நின்றால் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும். கொட்டாவி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதுதாம்மா கேம். மத்ததெல்லாம் இதுக்கு ரோடு."

ரோடு போட்ட நான் பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

கேம் வெளிவரும் முன்பே பணம் கட்டுகிறவர்களுக்கு இனாமாக எதையாவது கொடுப்பது எங்கள் தொழிலில் வழக்கம். தொப்பி, வாளுக்குப் புது நிறம், அந்த மாதிரி உதவாக்கரைச் சாமான். இந்தத் தடவை எதைக் கொடுக்கலாம் என்று கூட்டத்தில் கேட்டார்கள். நாயை, என்றேன். முன்பதிவு செய்கிறவர்கள் எப்போதும் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் நாயில்லாமல் என் குகைகளைப் பார்ப்பார்கள். நியாயமாகத்தான் பட்டது.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்.

"அக்கா, நாய் எல்லாருக்கும்தானே? முன்னாடியே காசு கட்டாதவன் தனியா நடக்கணுமா?"

"நாங்கல்லாம் நாய் இல்லாம நடந்து வரலையாடி?"

சிரித்துவிட்டாள். "உன்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா!"

நான் ஒன்றை யோசிக்கவில்லை. கிடைக்காது என்று சொன்னால்தான் ஜனங்களுக்கு ஆசை வரும். முன்பதிவு குவிந்தது. சுவரொட்டியெல்லாம் நாய். சின்னவளுக்கு ஆபீஸில் தனி அறை கிடைத்தது. கம்பெனி செய்வித்த பொம்மை நாய்களில் முதலாவதை என் தலையணைமேல் வைத்தாள். "உன் ஐடியாதானேக்கா, உனக்குத்தான் முதல்ல." கிண்டல் இல்லை, மனசாரச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கேம் வெளிவந்ததும், நாய் கிடைக்காதவர்கள் கம்பெனியின் இணையதளத்தில் கொதித்தார்கள். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள் என்று பதில் எழுதும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அங்கேயே வேறொரு பெயரில் நுழைந்து, "வரைந்தவள்தான் அப்படிப் பிடிவாதம் பிடித்தாள், காசில்லாதவனுக்கு நாய் எதற்கு என்று கேட்டாள்" என்று எழுதினேன். அவள் பெயரையும் போட்டேன். வசவெல்லாம் அவள் பக்கம் திரும்பியது. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான்தான் ஊட்டிவிட்டேன்.

"யாருக்கா இப்படியெல்லாம் எழுதுறது?"

"வேலவெட்டி இல்லாதவங்க. விடுடி."

அதோடு அடங்கியிருந்தால் நானும் விட்டிருப்பேன். அவள் ஒரு குட்டி நாயை வரைய ஆரம்பித்தாள், எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க. கொட்டாவி தலையாட்டிவிட்டார்.

திட்டியவர்களில் ஒருவன் என்னுடைய அந்த வேறு பெயருக்குத் தனியாக எழுதினான், அவள் எங்கே கிடைப்பாள் என்று. எந்தப் பஸ் நிறுத்தம், என்ன நிறக் குடை என்று சொன்னேன். எந்தக் கையால் வரைவாள் என்று கேட்டான். எதற்கென்று எனக்குப் புரிந்தது. யாராக இருந்தாலும் வலது என்றுதான் நினைப்பார்கள். அரைகுறையாகத் தகவல் கொடுப்பது என் வழக்கமில்லை. இடது, என்றேன்.

அந்தக் கை இனி மடங்காதாம். குட்டி நாய் நின்றுபோயிற்று. அவள் அப்பா வந்து கூப்பிட்டும் அவள் போகவில்லை. "அக்கா இருக்காங்கப்பா" என்று சொல்லிவிட்டாள். சட்டைக்குப் பொத்தான் போடுவது, தலை பின்னுவது எல்லாம் நான்தான். நீங்கள் வாக்குமூலத்தில் பொறாமை என்று எழுதுவீர்கள். பொறாமைக்காரி எவளாவது இவ்வளவு செய்வாளா? சீக்கிரம் எழுதி முடியுங்கள். நான் போய் ஊட்டாவிட்டால் அவள் சாப்பிடமாட்டாள்.