தொண்ணூறு நாள் பச்சை

தேநீருக்கு நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல், பரவாயில்லை. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்கிறவருக்கும் கை வலிக்கக் கூடாது பாருங்கள்.

தொலைபேசி நிறுவனத்தின் கன்ட்ரோல் ரூமில் பதினாறு வருடமாக நான் மேற்பார்வையாளன். சுவர் முழுக்கத் திரை, அதில் அறுபத்திரண்டு நிலையங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். எல்லாம் நலமென்றால் பச்சை. கருவி ஏதாவது பழுதானால் சிவப்பு, கூடவே ஒரு கூப்பாடு. வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் சிவப்பைப் பார்த்ததும் நிலையத்துக்கு ஆள் அனுப்புவார்கள். எங்களைப் போன்ற அனுபவசாலிகள் அதை யார் தலையில் கட்டலாம் என்று முதலில் பார்ப்போம்.

அந்த வருடம் தலைமை அலுவலகம் ஒரு நல்ல காரியம் செய்தது. தொடர்ந்து தொண்ணூறு நாள் சிவப்பே காட்டாத கன்ட்ரோல் ரூமுக்குக் கேடயம் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு கருவிகள் பழுதாவது நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன். பழுது கண்ணில் படுவது குறைந்தது. மேலிடத்துக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

எண்பதாம் நாள் ஆற்றோர நிலையத்திலிருந்து ஒரு எச்சரிக்கை வந்தது. ஊரின் அழைப்புகளையெல்லாம் இணைக்கும் மெயின் கார்டைக் குளிர வைக்கும் ஃபேன் நின்றுவிட்டதாம். அந்த நிலையத்தின் டெக்னீஷியன் என் தங்கையின் கணவர். வேலையில் புலி. புலிகளோடு ஒரே குடும்பத்தில் இருப்பது எவ்வளவு அலுப்பு என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

அவரே கூப்பிட்டார். "மச்சான், ஃபேன் நிஜமாவே போயிடுச்சு. புதுசு ஒண்ணு அனுப்பச் சொல்லுங்க. கார்டு கொதிக்குது."

"சொல்றேன் மாப்பிள்ளை. நீங்க கவலைப்படாதீங்க."

புது ஃபேன் வேண்டுமென்றால் பழுது என்று பதிவாக வேண்டும். பதிவானால் கட்டம் சிவக்கும். ஆகவே அலாரத்தின் வாயை அடைத்தேன். 'ஃபேன் மாற்றப்பட்டது' என்று ஒரு வரியும் எழுதினேன். மெயின் கார்டு சாய்ந்தால் வேலையை எடுத்துக்கொள்ள ஸ்பேர் கார்டு ஒன்று உண்டு. அது தானாகத் தயாரானாலே திரை சிவக்கும் என்பதால் அதையும் தூங்க வைத்தேன்.

இதையெல்லாம் என் பெயரில் செய்ய நான் என்ன கேனையா? மாப்பிள்ளையின் கணக்கில்தான் செய்தேன். அவர் மகளின் பிறந்த தேதிதான் பாஸ்வேர்ட். தாய்மாமனுக்கு அது தெரியாமல் இருக்குமா?

எண்பத்தெட்டாம் நாள் பிற்பகல் இரண்டு ஐம்பதுக்கு மெயின் கார்டு கருகியது. திரையில் கட்டம் பச்சையாகவே இருந்தது, பார்க்க அழகாக இருந்தது. புகார் ஒன்றுகூட வரவில்லை. ஃபோன் செத்துப்போனவர்களால் ஃபோன் செய்து திட்ட முடியாது; எங்கள் தொழிலில் இது ஒரு சௌகரியம்.

ஆனால் மாப்பிள்ளை மனசு கேட்காமல் நிலையத்துக்குப் போயிருக்கிறார். பராமரிப்புக்கென்று எங்களுக்குள் தனி லைன் ஒன்று உண்டு; நிலையம் செத்தாலும் அது வேலை செய்யும், அதில் பேசுவது எங்கும் பதிவாகாது. அதில் வந்தார்.

"மச்சான், ஊரே ஊமையாக் கிடக்கு. ஸ்பேர் கார்டை யாரோ தூங்க வச்சிருக்காங்க. இங்கேர்ந்து எழுப்ப முடியல, அங்கேர்ந்து ஒரு கமாண்ட் போடுங்க."

"பாக்கறேன்."

"எதிர்ல அட்டைப்பெட்டி ஃபேக்டரி எரியுது மச்சான். மாடியில ஆளுங்க நிக்கறாங்க. ஃபயர் ஸ்டேஷனுக்கு யாராலயும் பேச முடியல. நீங்களாவது சொல்லுங்க!"

"சொல்லிட்டேன் மாப்பிள்ளை. வண்டி கெளம்பிடுச்சு."

வண்டி கிளம்பவில்லை. நான் யாரையும் கூப்பிடவில்லை. கன்ட்ரோல் ரூமிலிருந்து போகும் ஒவ்வொரு அழைப்பும் நேரத்தோடு பதிவாகும். நிலையம் செத்தது எனக்குத் தெரியும் என்று அந்தப் பதிவு நாளைக்குச் சாட்சி சொல்லும். கமாண்டும் அப்படித்தான். அதைப் போட்ட மறுகணமே எட்டு நாள் பதிவுகளையும் யாராவது புரட்டுவார்கள். ஒவ்வொரு வரியிலும் என் மேஜைக் கணினியின் எண் இருந்தது. அதை முதலில் துடைக்க வேண்டியிருந்தது. வேலை என்றால் நேர்த்தி வேண்டுமில்லையா?

இடையில் இரண்டு முறை கூப்பிட்டார். "கமாண்ட் போட்டீங்களா மச்சான்?" "போட்டேன், ஏற மாட்டேங்குது." அதற்குப் பிறகு காத்திருக்காமல், லைனைத் துண்டிக்காமலே ஃபேக்டரிக்கு ஓடிவிட்டிருந்தார். அந்தப் பக்கத்துச் சத்தங்கள் கொஞ்ச நேரம் கேட்டன. வேலையில் கவனம் சிதறியதால் ஒலியைக் குறைத்துவிட்டேன்.

துடைத்து முடிப்பதற்குள் கார்டு கருகி முப்பத்தெட்டு நிமிடம் ஆகியிருந்தது. மூன்று இருபத்தெட்டுக்குக் கமாண்டைப் போட்டேன். நிலையம் உயிர் பெற்றது. யாரோ தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டார்கள். ஒன்பது நிமிடத்தில் வண்டி வந்து முப்பத்தொரு பேரை இறக்கியது. ஏழு பேர் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு இரண்டு கையும் வெந்துவிட்டது.

ஃபேனை மாற்றாமலே மாற்றியதாக எழுதியவர் என்று கட்டுப் பிரிக்கும் முன்பே அவரைக் கைது செய்தார்கள். தங்கை தன் மகளோடு என் வீட்டுக்கு வந்து அழுதாள். "அண்ணா, அவர் அப்படிச் செய்யற ஆளா?"

"மாட்டாரும்மா" என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். திரைதான் தொண்ணூறு நாளும் சிவக்கவில்லையே, அடுத்த மாதம் கேடயம் கொடுத்தார்கள். ஏழு பேருக்காக முதலில் மௌன அஞ்சலி, பிறகு கைதட்டல். இரண்டுக்கும் எழுந்து நின்றேன்.

இப்போது ஏன் வந்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? மாப்பிள்ளையை விடுவிக்க வந்திருக்கிறேன் என்று தங்கை நம்புகிறாள். வெளியே பெஞ்சில்தான் இருக்கிறாள். சற்று முன்புகூட என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி அண்ணன் யாருக்குக் கெடைப்பான்" என்றாள். மறுக்க மனம் வரவில்லை.

விசாரணை அறிக்கை போன வாரம் கைக்கு வந்தது. நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பாருங்கள். 'மூன்று இருபத்தெட்டுக்கு ஸ்பேர் கார்டை இயக்கி இணைப்பை மீட்டவர் டெக்னீஷியன், அவருடைய சமயோசிதம் முப்பத்தொரு உயிர்களைக் காத்தது, தண்டனையைக் குறைக்கலாம்.' அவசரத்தில் அந்தக் கமாண்டையும் அவர் கணக்கிலேயே போட்டு, என் கணினி எண்ணையும் துடைத்துத் தொலைத்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அலாரத்தை அடக்கியது நான். பொய் வரி எழுதியது நான். தீயணைப்பு வண்டியைக் கூப்பிடாதது நான். அந்த ஏழு பேரும் என் கணக்கில்தான். இதையெல்லாம் உங்களுக்கு வசதியான எந்த வரிசையில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நாற்பத்தொன்றாம் பக்கத்தை முதலில் திருத்திவிடுங்கள். முப்பத்தொரு பேரைக் காப்பாற்றியவன் நான்.