சூடேறும் கண்ணாடி வழியாக வாசித்த மட்டும்

முந்தல் மலைப்பாதையில் 1984 நவம்பர் 11 மாலை அம்பாசடர் காரும் ஜீப்பும் மோதியது சம்பந்தமாக, மறுநாள் காலை காவல் நிலையத்தில் சாட்சி சொல்ல, ஏட்டு சீனிச்சாமி எழுதிய வாக்குமூலம்.

என் பெயர் வேலுத்தாய், வயது அறுபத்தேழு, காலஞ்சென்ற பெரியகருப்பன் மனைவி, சிலமலை கிராமம், வடக்குத் தெரு. தொழில் விவசாயம். ஐந்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். குடும்பத்தில் யார் யார் என்று கேட்டதால் சொல்கிறேன். என் மகன் பால்சாமிக்கு மூன்று மக்கள். மூத்தவன் சுருளிவேல், முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கியவன், ஐந்து வருடமாக இந்த மலையில் வாடகைக் கார் ஓட்டியும் ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை. அடுத்தவள் பொன்னுமணி, மதுரையில் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ முதல் வகுப்பில் தேறியவள், அவள் வகுப்பில் பெண்பிள்ளைகள் இரண்டே பேர். கடைக்குட்டி சோலைமலை பத்தாம் வகுப்பில் கணக்கில் தொண்ணூற்றாறு. போதும் என்று ஏட்டு ஐயா சொன்னார். கணக்கு மார்க்கையாவது எழுதிக்கொள்ளும்படி கேட்டேன், எழுதிக்கொண்டார்.

மேற்படி கார் பழைய அம்பாசடர். போடியிலிருந்து போடிமெட்டு, பூப்பாறை வரை ஆள் ஏற்றுகிறோம். மேலே எங்களுக்குக் கொஞ்சம் ஏலக்காடு இருப்பதால் ஆட்களுக்குச் சோலி சொல்ல வாரம் ஒருமுறை நானும் முன் சீட்டில் போவேன். மழைக்காலத்தில் ஈரத் துணியோடு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து மூச்சு விட்டால், நாலு வளைவு ஏறுவதற்குள் முன் கண்ணாடி உள்பக்கம் பால் கொட்டியது போல வெளுத்துவிடும். வைப்பர் வெளியேதான் துடைக்கும். சன்னலைத் திறந்தால் சாரல் அடிக்கும். புகையிலையைத் தேய்த்தும் சோப்பைத் தேய்த்தும் பார்த்தோம். கடைசியில் நான் துண்டை வைத்துத் துடைத்துக்கொண்டே வருவது என்றானது. "அப்பத்தா, உன் கைதான் தெரியுது, ரோட்டைக் காணோம்" என்று சுருளி கத்துவான்.

போன வருடம் ஐப்பசியில் அப்படித் துடைக்கும்போதே கார் பள்ளத்து ஓரக் கட்டைச் சுவரில் உரசி நின்றது. அன்று யாரும் வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் பொன்னுமணி, கண்ணாடிக்கே கரண்டு கொடுத்துச் சூடாக்கினால் ஆவி படியாது என்று சொன்னாள். "சூடாக்கிட்டு அதுல தோசை ஊத்தப் போறியா?" என்று அண்ணன்காரன் கேட்டான். "நீ மாவாட்டிக் கொண்டா, ஊத்துறேன்" என்று அவள் சொன்னாள்.

முதலில் இஸ்திரிப் பெட்டிக் கம்பியை எடுத்து ஓட்டுகிறவன் முகத்துக்கு நேரே ஒரே இடத்தில் வளைத்து ஒட்டினாள். மேலே போனதும் வெளியே குளிர், உள்ளே ஒரு இடத்தில் மட்டும் சூடு, கண்ணாடி மூலைக்கு மூலை விரிசல் விட்டுப்போயிற்று. அதன் பிறகு வேறு கண்ணாடி மாட்டி, தலைமுடி கனத்தில் கம்பி வாங்கி வந்து, மேலே ஒரு செம்புப் பட்டை, கீழே ஒரு செம்புப் பட்டை வைத்து, நடுவில் விரற்கடை இடைவெளியில் நெடுக ஒட்டி வார்னிஷ் பூசினாள். கண்ணாடி தாங்கியது, ஆனால் சுவிட்சைப் போட்டால் முன் விளக்கு மங்கியது, வழியில் பேட்டரி இறங்கிப்போய் வண்டியைத் தள்ளினோம். அதன் பிறகு பழைய இரும்புக் கடையில் பெரிய டைனமோ தேடிப் பிடித்து மாற்றினாள். அப்போதும் டிரைவர் பக்கம் மட்டும்தான் தெளிந்தது. எனக்கு முன்னால் வெள்ளைச் சுவர்தானா என்று கேட்டதற்கு என் பக்கமும் கம்பி ஒட்டிக் கொடுத்தாள். மலையில் இறங்கியிருக்கும் மேகத்தை அது ஒன்றும் செய்யாது. கண்ணாடியில் படிகிற ஆவியை எடுத்துவிடும். சீட்டில் இருந்து பார்த்தால் கம்பி கண்ணுக்குத் தட்டுப்படாது.

ரோட்டில் எந்தப் போர்டைக் கண்டாலும் உரக்க வாசிப்பது என் வழக்கம். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டதால் எழுத்து மறந்துவிடக் கூடாது என்று வாசிப்பேன். ஆகவே கண்ணாடி சரியாக இருக்கிறதா என்பதை என்னை வைத்துத்தான் பார்ப்பார்கள். "அப்பத்தா போர்டு படிச்சா கரண்டு ஓடுதுன்னு அர்த்தம்" என்பான் சுருளி.

நேற்று மாலை சுமார் நான்கு மணிக்கு நானும் பேரனும் பேத்தியும் முன் சீட்டிலும், எஸ்டேட் ஆட்கள் நாலு பேர் பின் சீட்டிலும் மலை ஏறினோம். சாரல் இருந்தது. பின்னால் இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். ஒன்பதாவது வளைவில், எங்களுக்கு மேலே இரண்டு தென்னை நீளத்தில், கூரைமேல் பலகை ஏற்றிய ஜீப் ஒன்று எங்களைப் பார்த்து நின்றது. அதன் டிரைவர் ஜக்கையன் கீழே நின்று கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார். விலகிப் போக இடம் இல்லாததால் சுருளி மலை ஓரமாக ஒதுக்கி நிறுத்தி, ஹாரன் அடித்து, ஜீப் இறங்கட்டும் என்று காத்திருந்தான். கண்ணாடிக்காக என்ஜினை மட்டும் அணைக்கவில்லை.

ஜீப்பின் முன் கண்ணாடியில் மேலோரமாக மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்தது. நான் வாசிக்க ஆரம்பித்தேன். 'மலையேறும்' என்று முடித்தேன். 'மக்களுக்கு' என்பதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. "வெரசா வாசி அப்பத்தா, ஜீப்பு எறங்கிரும்" என்று பொன்னுமணி சிரித்தாள். அதன் பிறகு ஜக்கையன் ஏறி உட்கார்ந்தார். ஜீப் நகர்ந்தது, ஆனால் என்ஜின் சத்தம் இல்லை, சும்மா உருண்டு வந்தது. நான் 'சோணைக்கருப்பன்' என்று வாசித்து முடித்தேன். "அண்ணே, பிரேக்கு!" என்று சுருளி கத்தினான், ஹாரனை விடாமல் அழுத்தினான். ஜீப் வந்து எங்கள் வலது பக்க விளக்கில் இடித்தது. மேலே இருந்த பலகைகள் முன்னால் சரிந்து ஜீப்பின் கண்ணாடி கல்லுப்புப் போல ரோட்டில் கொட்டியது. எங்கள் கண்ணாடியில் கீறல் விழவில்லை. ஜக்கையனுக்கு நெற்றியில் காயம். கண்ணாடி துடைக்க வைத்திருந்த துண்டு சும்மாதான் கிடந்தது, அதை எடுத்துக் கட்டிவிட்டேன்.

அதன் பிறகு நிலையத்துக்கு வந்தபோது ஜக்கையன், தன் ஜீப் நின்றுகொண்டிருந்ததாகவும், எங்கள் கார் கண்ணாடியில் கம்பி ஒட்டியிருப்பதால் கண் தெரியாமல் ஏறி வந்து இடித்ததாகவும் எழுதிக் கொடுத்தார். டயர்த் தடம் மழையில் போய்விட்டது. சப்-இன்ஸ்பெக்டர் ஐயா காரைப் பார்த்துவிட்டு, "கண்ணாடிக்கு முள்வேலி போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். சுருளியின் லைசென்ஸை வாங்கி மேஜையில் வைத்தார். அதை ரத்து செய்ய மேலே எழுதுவதாகவும், கம்பியைப் பிய்த்துவிட வேண்டும் என்றும் சொன்னார். பொன்னுமணி வார்னிஷ் ஒட்டிய விரல் நகத்தைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

இன்று காலை என் முறை வந்ததும் மேலே கண்டபடி சொன்னேன். பாட்டி பேரனுக்குச் சாதகமாகத்தானே சொல்வீர்கள் என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். கண் தெரியாத கண்ணாடி என்றால் நான் எப்படி வாசித்தேன் என்று கேட்டு, ஜீப் கண்ணாடி உடைந்து கொட்டுவதற்கு முன் வாசித்த மூன்று சொற்களையும் சொன்னேன். அப்புறம் என்ன எழுதியிருந்தது என்று கேட்டார். அதற்குள் இடித்துவிட்டது என்றேன். "துணைன்னுதான் இருக்கும் ஆத்தா, எழுதிக்கிறேன்" என்று ஏட்டு ஐயா சொன்னார். "இருக்கலாம். நான் வாசிக்கலை, எழுதாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு சப்-இன்ஸ்பெக்டர் ஐயா வெளியே பெஞ்சில் இருந்த ஜக்கையனிடம் போய், கண்ணாடியில் என்ன எழுதியிருந்தது என்று மட்டும் கேட்டார். சன்னல் வழியாக எனக்கும் கேட்டது. "மலையேறும் மக்களுக்கு சோணைக்கருப்பன் காவல், சார். போன வாரம்தான் மலை மேல வச்சு எழுதுனேன். எழுதுனதுக்கப்புறம் கீழ எறங்குனது நேத்துதான்" என்று அவர் சொன்னார். சொன்ன பிறகு தலையைக் குனிந்துகொண்டார். ஏட்டு ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அதன் பிறகு எல்லோரும் காரிடம் போனோம். சுருளி என்ஜினைப் போட்டான். ஏட்டு ஐயா உள்ளே உட்கார்ந்து கண்ணாடியில் வாயால் ஊதி வெளுக்க வைத்தார். பொன்னுமணி சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் வெளுப்பு கோடு கோடாக விலகி, எதிரே இருந்த வேப்பமரம் முழுதாகத் தெரிந்தது. நிலையத்து ஜீப்புக்கும் இப்படிப் போட முடியுமா என்று சப்-இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். "டைனமோவைப் பாத்துட்டுச் சொல்றேன் சார்" என்றாள்.

ஜக்கையன் பிள்ளைகுட்டிக்காரர். அவர்மேல் கடுமையாக எதுவும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரேக்கை மட்டும் பார்க்கச் சொல்லவும். என் பேரனின் லைசென்ஸைக் கொடுத்துவிடும்படியும், கம்பியில் யாரும் கை வைக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளது நான் கண்டதும் கேட்டதும் வாசித்ததும்தான், வாசிக்காதது எதையும் சேர்க்கவில்லை. ஏட்டு ஐயா படித்துக் காட்டக் கேட்டேன், முதல் பக்கத்தை நானே எழுத்துக்கூட்டியும் வாசித்தேன், சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொன்றையும் எழுதச் சொன்னேன். நேற்று இங்கே எடுத்த போட்டோவில் காரின் மேல் ஈரச் சாக்கு போர்த்தியிருக்கிறது, விளக்கு உடைந்திருக்கிறது, சுருளி தலை குனிந்து நிற்கிறான். பைலில் அது மட்டும் இருக்கக் கூடாது. விளக்கை மாற்றியதும் காரைக் கொண்டுவரச் சொல்கிறேன். சுருளி உள்ளே ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருக்க, கண்ணாடி வழியாக அவன் முகம் தெரியும்படியும், பொன்னுமணி பக்கத்தில் நிற்கும்படியும் புதிதாக ஒரு போட்டோ எடுத்து, பைலில் ஒன்று வைத்துக்கொண்டு, எனக்கு ஒன்றைத் தபாலில் அனுப்பவும். விலாசத்தைத் தமிழில் எழுதவும், நானே வாசித்து வாங்கிக்கொள்வேன்.

(ஒப்பம்) பெ. வேலுத்தாய்